உடைந்த பாத்திரத்துக்குக் காசு கொடுப்பது யார்? கலக இழப்பீடு இயங்கும் விதம்

ஒரு கூட்டுக்குடும்பத்துச் சமையலறை. சாமான் அறைச் சாவி பெரியப்பாவின் இடுப்பில். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று மற்றவர்கள் கேட்கலாம், கணக்கு நோட்டைத் தொட முடியாது. ஒருநாள் பொறுமை இழந்த தம்பி பிள்ளைகள் சாவியைப் பிடுங்கப் பாய்கிறார்கள். பெரியப்பா வெளியாட்களைக் கூட்டி வந்து அடித்து அடக்குகிறார். சத்தம் ஓய்ந்த பிறகு தரையைப் பார்த்தால் மண்பானை நொறுங்கிக் கிடக்கிறது, ஊறுகாய் ஜாடி சிதறியிருக்கிறது, யாரோ ஒருத்தி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஈயச்சொம்பு நசுங்கியிருக்கிறது. கலாட்டாவில் வாயே திறக்காத சின்ன மருமகளின் சாமான்களும் போயின. இவற்றில் பெரும்பாலானவற்றை உடைத்தவர்கள் பெரியப்பா கூட்டி வந்த ஆட்கள்.

நாலு நாள் கழித்து எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள்தான். அப்போது யாருடைய பாத்திரத்துக்கு யார் காசு கொடுப்பது?

கலகத்துக்குப் பிறகு அரசு கொடுக்கும் இழப்பீடு என்ற இயந்திரம் இந்தக் கேள்வியில்தான் ஓடுகிறது. அதன் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிப் பார்க்க 1849-ஆம் ஆண்டுக் கனடாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கிராமத்துக் குடியானவர்களின் எரிந்த வீடுகளுக்குப் பணம் கொடுக்கப் போய், நாடாளுமன்றக் கட்டடத்தையே எரியக் கொடுத்த கதை அது.

உடைந்தவையும் உடைத்தவர்களும்

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் கனடா என்பது செயின்ட் லாரன்ஸ் நதியை ஒட்டிய இரண்டு பிரிட்டிஷ் காலனிகள். நதி கடலை நோக்கி இறங்கும் பக்கம் கீழ்க் கனடா. பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்கள் அங்கே பெரும்பான்மை. இன்றைய கியூபெக் அதுதான். நதியின் மேற்பக்கம் ஆங்கிலம் பேசுகிறவர்களின் மேல் கனடா. இன்று ஈழத்தமிழர்கள் அத்தனை பேர் வாழும் டொரன்டோ அந்தப் பக்கம்.

கீழ்க் கனடாவில் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபை இருந்தது. ஆனால் ஆளுநரும் அவர் நியமித்த கவுன்சிலும் சபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. சபை தன்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தது. செலவுக்குப் பணம் ஒதுக்க மறுத்தது. 1837 மார்ச்சில் லண்டனில் அமைச்சர் லார்ட் ஜான் ரஸ்ஸல் பத்துத் தீர்மானங்களைக் கொண்டுவந்தார். சபையைக் கேட்காமலே ஆளுநர் கஜானாவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது அவற்றில் ஒன்று. பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த கடுகு டப்பாவில் சொல்லாமல் கைவிட்டால் எந்த வீட்டில்தான் சண்டை வராது?

லூயி ஜோசப் பாப்பினோ தலைமையிலிருந்த 'பாட்ரியட்' கட்சியினர் அந்த ஆண்டு நவம்பரில் ஆயுதம் எடுத்தார்கள். 23-ஆம் தேதி செயின்ட் டெனியில் ஜெயித்தார்கள், 25-ஆம் தேதி செயின்ட் சார்லில் தோற்றார்கள். டிசம்பர் 14-ல் செயின்ட் யூஸ்டாஷ் ஊரில் மாதா கோயிலுக்குள் இருந்து சுட்டவர்களை, தளபதி ஜான் கோல்போர்னின் படை பீரங்கியும் தீயும் கொண்டு வெளியேற்றியது. அதற்குப் பக்கத்து ஊர் செயின்ட் பெனுவா. அங்கே சண்டையே நடக்கவில்லை. சன்னல்களில் வெள்ளைத் துணி கட்டி ஊரே சரணடைந்தது. ஆனாலும் படையோடு வந்த தன்னார்வலர்கள், அதாவது அரசுக்கு விசுவாசமான அக்கம்பக்கத்து ஆங்கிலேயக் குடியானவர்கள், வீடு வீடாகச் சூறையாடிவிட்டு ஊரைக் கொளுத்தினார்கள். கீழ்க் கனடாவில் கோல்போர்னுக்குக் கிழட்டுக் கொள்ளிக்கட்டை என்று பொருள்படும் பட்டப்பெயர் நிலைத்துப்போனது.

1838 நவம்பரில் இரண்டாம் முறை கிளம்பிய கலகம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அடக்க வந்தவர்களில் மேல் கனடாவின் கிளங்காரிப் பகுதி ஸ்காட்டியர்களும் உண்டு. காலாட்படையாக வந்தவர்கள் குதிரைப்படையாகத் திரும்பிப் போனார்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்வதுண்டு. குதிரைகள் எந்தக் கொட்டிலிலிருந்து வந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இழப்பீட்டு இயந்திரத்தின் முதல் சிக்கல் இங்கேயே ஆரம்பிக்கிறது. 'கலக இழப்பு' என்று காதில் விழுந்தால் கலகக்காரன் உடைத்தது என்றுதான் தோன்றும். அப்படியும் சில இழப்புகள் உண்டு. ஆனால் எரிந்த வீடு, களஞ்சியம், ஓட்டிக்கொண்டு போன மாடு குதிரை என்று எண்ணினால் பெரும்பகுதி அரசுத் தரப்பின் கைவரிசை. அதனால் இழப்பீடு கொடுப்பது அரசு தாராள மனத்தோடு செய்யும் உதவியா, தன் ஆட்கள் செய்ததற்குக் கட்டும் அபராதமா என்ற கேள்வி கடைசிவரை தீரவில்லை. ஒவ்வொரு கட்சியும் தனக்கு வசதியான பக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு அடுப்பு, ஒரே உலை

கலகம் முடிந்ததும் லண்டன் ஒரு வேலை செய்தது. 1841 பிப்ரவரியில் இரண்டு காலனிகளையும் ஒன்றாக்கியது. இரண்டு பக்கத்துக்கும் சம எண்ணிக்கையில் தலா 42 உறுப்பினர்கள். கீழ்க் கனடாவில்தான் ஜனத்தொகை அதிகம் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மேல் கனடா கால்வாய் வெட்டிக் கடனாளியாகியிருந்தது. அதன் கடன் சுமார் 12 லட்சம் பவுண்டு. கீழ்க் கனடாவின் கடன் ஒரு லட்சத்துக்கும் கீழே. இரண்டும் ஒரே நோட்டில் ஏறின. ஒரு மருமகளின் நகைக்கடனை இன்னொரு மருமகளின் தலையிலும் வைத்துக் கட்டி, இனி ஒரே உலை என்று அறிவித்த மாதிரி. இதை மறக்காமல் வைத்திருங்கள். பின்னால் 'எங்கள் வரிப்பணம்' என்று ஒரு கூச்சல் வரும்போது உதவும்.

இழப்பீடு முதலில் மேல் கனடாவுக்குத்தான் வந்தது. அங்கேயும் 1837 டிசம்பரில் வில்லியம் லயன் மெக்கன்சி தலைமையில் ஒரு சிறு கலகம் நடந்திருந்தது. இணைப்புக்கு முன்பே அந்தச் சபை 40,000 பவுண்டு என்று தீர்மானம் போட்டது. ஆனால் பணம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்லவில்லை. 1845-ல்தான் டப்பா கிடைத்தது. மேல் கனடாவின் சாராயக்கடை லைசென்ஸ் வருமானத்திலிருந்து கொடுப்பது என்று முடிவானது. அப்போது ஆட்சியில் இருந்தது பழமைவாத டோரிக் கட்சி, முதன்மை அமைச்சர் டிரேப்பர். கீழ்க் கனடா உறுப்பினர்கள் சும்மா இருப்பார்களா? அங்கே உடைந்த பானைக்குக் காசு, இங்கே உடைந்த பானைக்கு மட்டும் இல்லையா என்று கேட்டார்கள். டிரேப்பர் அரசு அதே ஆண்டு நவம்பரில் ஒரு கமிஷனை நியமித்தது.

சல்லடையின் கண்

கமிஷன் பட்டியல் எடுத்தது. 1846 ஏப்ரலில் அறிக்கை வந்தபோது 2,176 மனுக்கள் சேர்ந்திருந்தன. கேட்ட மொத்தத் தொகை 2,41,965 பவுண்டு. பலர் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள், சில மனுக்கள் செல்லாதவை, ஒரு லட்சம் பவுண்டு இருந்தால் நியாயமான இழப்புகளுக்குப் போதும் என்றது கமிஷன். அதாவது கேட்ட ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய ஆறரை அணா. பாத்திரம் உடைந்தவர்கள் எல்லாருமே தங்களுடையது வெள்ளிப் பாத்திரம் என்றுதான் சொல்வார்கள். அதைக் கழித்துக் கணக்குப் போடுவது எந்த இழப்பீட்டு அலுவலகத்துக்கும் அன்றாட வேலை. இதில் பெரிய தகராறு இல்லை.

தகராறு சலிப்பதில் வந்தது. மனுப் போட்டவர்களில் கலகக்காரர் யார், அப்பாவி யார்? கல்லையும் அரிசியையும் பிரிக்க வேண்டும். எதைக் கொண்டு?

கமிஷனர்களே இந்தக் கேள்வியை அரசிடம் எழுதிக் கேட்டார்கள். 1846 பிப்ரவரியில் பதில் வந்தது. நீதிமன்றத் தீர்ப்புகள் சொல்வதைத் தவிர வேறு எந்தச் சாட்சியத்தையும் வைத்துப் பிரிக்க வேண்டாம் என்பது அதன் சாரம். பதிலைக் கொடுத்தது டோரி அரசு. மூன்று ஆண்டு கழித்து அதே கட்சி இதே விதியை எதிர்த்துத் தெருவில் இறங்கப் போகிறது.

தீர்ப்பு என்ற இந்தச் சல்லடையின் கண் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 1838 கலகத்தில் பிடிபட்டவர்களில் 108 பேரை ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. 99 பேருக்கு மரண தண்டனை. அவர்களில் 12 பேர் தூக்கில் போடப்பட்டார்கள், 58 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். இவர்கள் சல்லடையில் தங்குவார்கள். ஆனால் 1837-ல் செயின்ட் டெனியிலும் செயின்ட் யூஸ்டாஷிலும் நிஜமாகவே துப்பாக்கி பிடித்தவர்கள்? நூற்றுக்கணக்கில் சிறையில் அடைக்கப்பட்ட அவர்களைத் தேசத் துரோகத்துக்காக விசாரிக்கவே இல்லை. கீழ்க் கனடா ஜூரி தன் ஊர்க்காரனைத் தண்டிக்காது என்று அரசுக்கு நன்றாகத் தெரியும். 1838 கோடையில் ஆளுநராக வந்த டர்ஹாம் பிரபு ஒரு குறுக்குவழி கண்டார். எட்டுப் பேரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதி வாங்கிக்கொண்டு, விசாரணையே இல்லாமல் பெர்முடா தீவுக்கு அனுப்பினார். மீதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். பெர்முடா மேல் டர்ஹாமுக்கு எந்த அதிகாரமும் கிடையாது, அந்த உத்தரவு செல்லாது என்று லண்டன் ரத்து செய்தது. எட்டுப் பேரும் விடுதலையானார்கள். கோபத்தில் டர்ஹாம் பதவியை விட்டுப் போனார்.

ஆகவே 1848-ல் ஆட்சிக்கு வந்த கீழ்க் கனடாத் தலைவர் லாஃபோன்டேன் 1849-ல் கொண்டுவந்த இழப்பீட்டு மசோதாவில் ஒரு வினோதமான விலக்கு வாசகம் இருக்கிறது. தேசத் துரோகத்துக்குத் தண்டனை பெற்றவர்களுக்கும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களுக்கும் பணம் கிடையாது, பெர்முடாவுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் கிடையாது. கடைசி வாசகம் எதற்குத் தனியாக? தீர்ப்பு என்ற கண்ணில் அந்த எட்டுப் பேரும் வழுக்கிப் போய்விடுவார்கள் என்பதால்தான். அவர்களில் ஒருவர் டாக்டர் உல்ஃப்ரட் நெல்சன். செயின்ட் டெனியில் முதல் நாள் ஜெயித்த படைக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய சாராய ஆலையைப் படைகள் திரும்பி வந்து கொளுத்தின. மசோதா வந்தபோது அவர் அதே சபையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார்.

மசோதாவைக் கொண்டுவந்த லாஃபோன்டேனும் 1838-ல் சில வாரம் சிறையில் இருந்தவர், விசாரணையின்றி விடுவிக்கப்பட்டவர். பாப்பினோ? அமெரிக்காவுக்குத் தப்பி, பாரிஸில் பல ஆண்டு இருந்துவிட்டு, 1848-ல் மறுபடி சபைக்கு வந்துவிட்டார். தண்டனை கிடையாது, பெர்முடாவும் கிடையாது. சட்டத்தின் வாசகப்படி கலகத்தின் தலைவரே கல் இல்லை, அரிசிதான்!

டோரிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கலகக்காரனுக்குச் சன்மானமா, எங்கள் வரிப்பணமா என்பது அவர்களுடைய முழக்கம். அது முழுக்க வெற்றுக்கூச்சல் என்று நான் சொல்லமாட்டேன். பனியில் காவல் நின்ற ஒரு குடியானவன், தன்னை நோக்கிச் சுட்டவனின் களஞ்சியத்துக்குத் தன் வரியிலிருந்து பணம் போகிறது என்று கேட்டால் வயிறு எரியாதா? ஆனால் மாற்று வழி என்ன என்று யோசித்துப் பாருங்கள். பத்து ஆண்டுக்கு முன் ஒரு டிசம்பர் மாலையில் யார் எந்தப் பக்கம் நின்றான் என்று 2,176 பேரைப் பற்றியும் ஊர் ஊராக விசாரிக்க வேண்டும். சாட்சி சொல்ல வருவது யார்? அவனுடைய மாட்டை ஓட்டிக்கொண்டு போன பக்கத்து ஊர்க்காரன். எப்போதோ முடிந்த சண்டையில் முதலில் கரண்டியைத் தூக்கியது யார் என்று ஒவ்வொரு மருமகளையும் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினால் அந்த வீட்டில் மறுபடி அடுப்பு எரியாது. கண் பெரிதான சல்லடையை லாஃபோன்டேன் அரசு தெரிந்தேதான் எடுத்தது. நாலு கல் சோற்றில் வந்தால் வரட்டும், அரிசி வீணாகக் கூடாது என்ற கணக்கு. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

அதே சமயத்தில் இந்தப் பக்கம் இலங்கையில் இந்த இயந்திரம் தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது. 1848-ல் மாத்தளை, கண்டிப் பகுதியில் வரிகளுக்கு எதிராகக் கலகம். ஆளுநர் டோரிங்டன் ராணுவச் சட்டம் போட்டார். அங்கே பேச்சு இழப்பீட்டைப் பற்றி இல்லை, சொத்துப் பறிமுதலைப் பற்றி. கனடா, இலங்கை இரண்டு கோப்புகளும் போய்ச் சேர்ந்தது லண்டனில் ஒரே மேசைக்கு, காலனி அமைச்சர் ஏர்ல் கிரேயின் மேசைக்கு. டோரிங்டன்மீது நாடாளுமன்ற விசாரணை நடந்தது, 1850-ல் பதவி போனது.

எந்த டப்பா?

பணம் எங்கிருந்து வருகிறது என்பது சமையலறையில் சின்ன விஷயமாகத் தெரியலாம். உண்மையில் மானம் போவதும் வருவதும் அதில்தான். 1846-ல் டிரேப்பர் அரசு கீழ்க் கனடாவுக்கு முதல் தவணையாக 9,986 பவுண்டு கொடுத்தது. மேல் கனடாவுக்குச் சாராயக்கடை லைசென்ஸ் என்றால், கீழ்க் கனடாவுக்குக் கல்யாண லைசென்ஸ் கட்டண நிதி. அவரவர் கடுகு டப்பாவிலிருந்து அவரவர் பானைக்குக் காசு. இந்த ஏற்பாடு யாருடைய தன்மானத்தையும் சீண்டவில்லை. 2,176 மனுக்களுக்கு அந்தத் தொகை தாளிக்கவும் காணாது என்பதுதான் ஒரே குறை.

1849 மசோதா பொது நிதியைத் தொட்டது. மொத்தம் ஒரு லட்சம் பவுண்டு, ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மிச்சம். அரசிடம் அவ்வளவு ரொக்கம் கிடையாது. அதனால் கடன் பத்திரம். இன்ன தேதியில் தருகிறேன், அதுவரை வட்டி தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. கையில் காசில்லாத அரசு பழைய கடமையைத் தீர்க்கப் பயன்படுத்தும் வழி இன்றும் இதுதான்.

பொது நிதி என்றதும் மேல் கனடா டோரிகள் எங்கள் காசு என்றார்கள். மேல் கனடாவின் 12 லட்சம் பவுண்டு கடனைக் கீழ்க் கனடாவும் சேர்ந்து சுமந்துகொண்டிருந்தது என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

பிப்ரவரியில் சபையில் விவாதம் தொடங்கியது. டோரித் தலைவர் ஆலன் மக்நாப் பிரெஞ்சுக்காரர்களை அந்நியர்கள், கலகக்காரர்கள் என்றார். அரசு வழக்கறிஞர் வில்லியம் ஹியூம் பிளேக் எழுந்து, சட்டத்தை மதிக்காமல் ஆண்ட நீங்கள்தான் உண்மையான கலகக்காரர்கள் என்று திருப்பினார். பார்வையாளர் மாடத்தில் கைகலப்பு. பின்னாளில் கனடாவின் முதல் பிரதமரான இளம் ஜான் ஏ. மெக்டொனால்டு, பிளேக்கைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். சபை தலையிட்டுத் தடுத்தது. மார்ச்சில் மசோதா 47-க்கு 18 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆங்கிலம் பேசும் மேல் கனடா உறுப்பினர்களிலும் பாதிக்கு மேல் ஆதரவு.

கரண்டி யார் கையில்?

இழப்பீட்டு இயந்திரத்தில் கடைசி விசை ஒப்புதல் கையெழுத்து. இந்தக் கதையின் உண்மையான எடை முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பணம், பட்டியல், சல்லடை எல்லாம் தயார். பரிமாற வேண்டியவர் ஆளுநர் எல்ஜின் பிரபு. ஏதென்ஸ் பார்த்தெனன் சிற்பங்களைப் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோன எல்ஜினின் மகன், டர்ஹாமின் மாப்பிள்ளை. பிற்பாடு இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்து 1863-ல் தரம்சாலாவில் இறந்தவரும் இவர்தான்.

அவருக்கு மூன்று வழி இருந்தது. சபையைக் கலைத்துத் தேர்தல் வைக்கலாம். ராணி முடிவெடுக்கட்டும் என்று மசோதாவை லண்டனுக்கு அனுப்பலாம். அல்லது கையெழுத்துப் போடலாம். டோரிகள் முதல் இரண்டில் ஒன்றைக் கேட்டு மனுமேல் மனு அனுப்பினார்கள். பழைய வழக்கப்படி அவர்களுடைய எதிர்பார்ப்பில் தவறில்லை. பெரியப்பாவுக்குப் பிடிக்காததைப் பெரியப்பா பரிமாறமாட்டார் என்பதுதான் அதுவரை இருந்த ஏற்பாடு. ஆனால் 1848-லிருந்து ஏற்பாடு மாறியிருந்தது. சபையில் பெரும்பான்மை யாருக்கோ அவர்கள் சொல்வதை ஆளுநர் கேட்க வேண்டும். லாஃபோன்டேனும் அவருடைய மேல் கனடாக் கூட்டாளி ராபர்ட் பால்ட்வினும் அப்படித்தான் ஆட்சிக்கு வந்தார்கள். புது ஏற்பாடு காகிதத்தில் இருந்தது. நெருப்பில் வைத்துப் பார்க்க இந்த மசோதா கிடைத்தது.

லண்டனுக்கு அனுப்பினால் பழி லண்டன்மேல் விழும், இந்த மக்கள் அதை மன்னிக்கமாட்டார்கள் என்று எல்ஜின் கணக்குப் போட்டார். தானே கையெழுத்துப் போட்டு விபரீதமானால் தன்னைத் திருப்பி அழைத்துக்கொள்ளலாம், ஒரு ஆளோடு போய்விடும்.

1849 ஏப்ரல் 25. பனி உருகி மான்ட்ரியல் துறைமுகத்துக்குக் கப்பல் வரும் பருவம். புதிய சுங்கவரிச் சட்டம் அதற்குள் அமலாக வேண்டும் என்பதால் எல்ஜின் அவசரமாகச் சபைக்கு வந்தார். அன்றைய நாடாளுமன்றம் செயின்ட் ஆன் மார்க்கெட், சந்தைக்கென்று கட்டி, சபைக்காக மாற்றியமைத்த நீளக் கட்டடம். கையெழுத்துக்குக் காத்திருந்த மசோதாக்களோடு இதுவும் சேர்ந்திருந்தது. எழுத்தர் தலைப்பைப் படித்ததும் மாடத்திலிருந்து ஒரு கூட்டம் தடதடவென்று வெளியேறியது. எல்ஜினின் வண்டி கிளம்பியபோது அழுகிய முட்டைகள் பறந்தன.

சாயங்காலம் 'கெஸட்' பத்திரிகை சிறப்புப் பதிப்பு போட்டது. எட்டு மணிக்கு ஷான் த மார்ஸ் மைதானத்துக்கு வா என்றது. கூடியவர்கள் எல்லாம் வேலையற்ற ரவுடிகள் என்று நினைத்தால் தவறு. நகரத்தின் ஆங்கிலேய வியாபாரிகளும் இருந்தார்கள். 1846-ல் பிரிட்டன் தானிய இறக்குமதிச் சட்டங்களை நீக்கியதோடு கனடா கோதுமைக்கு இருந்த சலுகை போயிற்று, மான்ட்ரியல் வியாபாரம் படுத்துவிட்டது. தாய்நாடும் கைவிட்டது, இப்போது பிரெஞ்சுக்காரன் கையில் சாவியும் போயிற்று என்ற ஆத்திரம். தன்னார்வத் தீயணைப்புப் படைத் தலைவர் ஆல்ஃபிரட் பெர்ரி, பேசியது போதும், என் பின்னால் வாருங்கள் என்று கூட்டத்தை நடத்திப் போனார்.

உள்ளே உறுப்பினர்கள் இன்னொரு மசோதாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சன்னல் கண்ணாடி உடைந்தது. கதவை இடித்து நுழைந்தவர்களில் ஒருவன் சபாநாயகர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து சபையைக் கலைத்துவிட்டதாக அறிவித்தான். யாரோ செங்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாயு விளக்கு உடைந்து தீப்பிடித்தது. தீயணைக்க வந்த வண்டிகளின் குழாயைக் கூட்டம் அறுத்தது. வந்தவர்களில் பலருக்கு அணைக்கும் எண்ணமும் இல்லை. சபையின் நூலகத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் இருந்தன. சில நூறுகூட மிஞ்சவில்லை. விக்டோரியா ராணியின் பெரிய ஓவியத்தை மட்டும் நாலைந்து பேர் சட்டத்திலிருந்து பிரித்து வெளியே கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் இருபத்திரண்டு வயதுப் பொறியாளர் சாண்ட்ஃபோர்டு ஃபிளெமிங். உலகம் முழுவதற்கும் நேர மண்டலங்களை வகுக்கப் பாடுபட்டவர் என்று பிறகு பெயர் வாங்கினார். அந்த இடத்தை அண்மையில் தோண்டிய தொல்லியலாளர்களுக்குக் கரிந்த புத்தகங்களே கிடைத்தன.

அடுத்த நாள் லாஃபோன்டேன் வீட்டையும் உடைத்தார்கள். 30-ஆம் தேதி மறுபடி நகரத்துக்குள் வந்த எல்ஜினின் வண்டிமேல் இந்தமுறை கல்மழை. கூட வந்த அவருடைய தம்பிக்கு மண்டையில் காயம். எல்ஜின் சுடச் சொல்லவில்லை. நகரத்துக்கு வெளியே மாங்க்லேண்ட்ஸ் மாளிகையில் கோடை முழுவதும் ஒதுங்கி இருந்தார். கோழை என்றார்கள். ராணுவத்தை இறக்கியிருந்தால் இன்னொரு கலகம், அதற்கு இன்னொரு இழப்பீட்டு மசோதா. விசுவாசிகள் என்று மார்தட்டியவர்கள் ஊரை எரித்தால் அவர்களைச் சலிப்பது எந்தச் சல்லடையில் என்று யோசிக்கவே வேடிக்கையாக இருக்கிறது.

பரிமாறிய பிறகு

ஜூனில் விஷயம் லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போனது. உறுப்பினர் கிளாட்ஸ்டன் எழுந்து, சல்லடையின் கண் பெரிது, கலகத்தில் பங்கெடுத்தவர்களுக்குப் பணம் போகாது என்று உறுதி தர வேண்டும் என்று வாதாடினார். அப்போது பிரதமராக இருந்தவர் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் கேட்காமல் கஜானாவில் கைவிடலாம் என்று தீர்மானம் போட்ட அதே ஜான் ரஸ்ஸல். இந்தமுறை கனடா சபையின் முடிவில் தலையிட வேண்டாம் என்று அவர் நின்றார். எதிர்த் தீர்மானம் தோற்றது. சட்டம் அப்படியே நின்றது. அக்டோபரில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட மான்ட்ரியல் பிரமுகர்கள், பிரிட்டனே வேண்டாம், அமெரிக்காவோடு சேர்ந்துவிடலாம் என்று அறிக்கை விட்டார்கள். மே மாதம்வரை ராணியின் பெயரால் தெருவில் நின்ற ஆட்கள் இவர்களில் இருந்தார்கள். அந்த அறிக்கை வேகத்தோடு வந்து வேகத்தோடு அடங்கியது.

மான்ட்ரியல் தலைநகரம் என்ற பெருமையை இழந்தது. சபை டொரன்டோவுக்குப் போய், பிறகு கியூபெக் நகரமும் டொரன்டோவுமாக மாறி மாறிக் கூடியது. கமிஷனர்கள் உட்கார்ந்து, மனுக்களைச் சத்தியப் பிரமாணத்தோடு விசாரித்து, வெட்டிக் குறைத்துக் கடன் பத்திரங்களாக வழங்கினார்கள். அந்த வேலை எந்தக் கலவரமும் இல்லாமல், தாலுகா ஆபீஸ் வேலையைப் போல நடந்து முடிந்தது.

எல்ஜின் 1854 கடைசிவரை பதவியில் இருந்தார். போவதற்கு முன் ஒரு புதிய மந்திரிசபைக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு தலைவர்கள். மேல் கனடாப் பக்கம், அந்நியர்கள் கலகக்காரர்கள் என்று முழங்கிய ஆலன் மக்நாப். கீழ்க் கனடாப் பக்கம் ஒகஸ்டன் நோர்பேர் மோரன். இளமையில் பாட்ரியட் கட்சியின் கோரிக்கைப் பட்டியலை எழுதியவர், 1849 ஏப்ரல் 25 அன்று சபாநாயகராக இருந்தவர்.